கரை காப்பது யார் கடன்?

வையை பெருக்கெடுத்தது. கரை உடைந்து மதுரை மாநகருள் நீர் புகுந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்கவேண்டுமென்று பாண்டிய மன்னன் ஆணையிட்டான். கரை அளந்து பங்கிடப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்தினரும் தத்தம் பங்கில் மண்ணைக் கொட்டினர். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்குப் பிள்ளையும் இல்லை, சுற்றமும் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற இசைந்து, இறைவனே கூலியாளாய் வந்தான். வந்தவன் உண்டான், ஆடினான், பாடினான், உறங்கினான். மற்றவர் பங்கெல்லாம் அடைபட்டும், அவள் பங்கு ஒன்று மட்டும் அடைபடாமல் கிடந்தது. சினந்த மன்னன் கூலியாளைப் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும் விழுந்தது. அமைச்சர், குடிகள், ஏனை உயிர்கள் அனைத்தின் முதுகிலும் விழுந்தது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலமாக இடம்பெறும் இக்கதையைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். இறைவனின் எளிமையையும் முதியவளின் அன்பையும் காட்டும் கதையாகவே இது பெரிதும் கற்பிக்கப்படுகின்றது. அது பொருத்தமே. ஆயினும் இக்கதையுள் இன்னொரு வினாவும் புதைந்து கிடக்கின்றது. ஊரைக் காக்கும் கரையில் ஒரு பங்கு அடைபடாமற் போனால், குற்றம் யாருடையது? பங்கை ஏற்ற கிழவியுடையதா? கூலிக்கு வந்து உறங்கியவனுடையதா? ஆதரவற்றவளுக்கும் ஆள்பலம் மிக்கவனுக்கும் ஒரே அளவாகப் பங்கிட்ட அரசனுடையதா? தம் பங்கு முடிந்ததென்று மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய அண்டை அயலாருக்கு அதில் ஒரு பங்கும் இல்லையா?

இவ்வினா புராணத்தோடு முடிந்துவிடவில்லை. ஆறும் கடலும் சூழ்ந்த நாடுகள் அனைத்திலும், மழைக்காலந்தோறும் இவ்வினா மீண்டும் எழுகின்றது.

கரையின் இயல்பு

பொதுப்பணிகள் பலவகைப்படும். பத்து வகுப்பறைகள் தேவைப்படும் பள்ளியில் ஒன்பது கட்டப்பட்டால், பத்தில் ஒன்பது பங்கு பயன் கிடைக்கும். பத்துக் கல் நீளச் சாலையில் ஒன்பது கல் செப்பனிடப்பட்டால், அந்த ஒன்பது கல்லிலும் வண்டிகள் ஓடும். கரை அத்தகையதன்று. பத்துக் கல் நீளக் கரையில் ஒன்பதே முக்கால் கல் உறுதியாய் நின்று, எஞ்சிய கால் கல் சரிந்துவிட்டால், நின்ற பகுதியால் ஒரு பயனும் இல்லை. நீர் பெரும்பான்மையை மதிப்பதில்லை. வலுவிழந்த ஓரிடத்தையே தேடிச் செல்கின்றது.

கரைக்கு இன்னோர் இயல்பும் உண்டு. அது கட்டி முடித்த நாளிலிருந்தே தேயத் தொடங்குகின்றது. மண் அமிழ்கின்றது. வெயிலில் வெடிக்கின்றது. எலியும் நண்டும் வளை தோண்டுகின்றன. மரங்களின் வேர் உள்ளே ஊடுருவி, பின் மட்கி, நீர் கசிவதற்கு வழியமைத்துக் கொடுக்கின்றது. மதகின் கதவு துருப்பிடிக்கின்றது. நீரிறைக்கும் இயந்திரம் ஓடாமலே கிடந்து பழுதாகின்றது. ஆகவே கரையைக் கட்டுவது ஒருநாட் செயல். காப்பதோ முடிவில்லாச் செயல். கட்டுபவனுக்குத் திறப்புவிழா உண்டு, மாலை உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. காப்பவனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவன் தன் பணியைச் செவ்வனே செய்தானென்பதற்கு ஒரே சான்று, எதுவும் நிகழாமையே. நிகழாத ஒன்றுக்காக யாரும் யாருக்கும் நன்றி கூறுவதில்லை.

இவ்விரு இயல்புகளும் ஒன்றுசேரும்போது அறத்திற்கு ஒரு கடுஞ்சோதனை உண்டாகின்றது. ஒருபுறம் சிறு சோர்வும் பேரழிவாகலாம். மறுபுறம் சோர்வடையாதவனைப் பாராட்டுவார் இல்லை. வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். மறவாமை, சோர்வின்மை என்று அதற்குப் பொருள் கூறலாம். அதனை அவர் துறவறத்திலோ இல்லறத்திலோ வைக்கவில்லை. பொருட்பாலில் அரசியலுள் வைத்தார். மறதி தனிமனிதனுக்குக் குறை. ஆட்சிக்கோ அது குற்றம் என்பது அந்த வைப்புமுறையிலிருந்தே புலனாகும்.

ஏரி வாரியம் கூறும் பாடம்

ஊராட்சிக்கும் நீர்க்காப்பிற்கும் உள்ள தொடர்பைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் தேர்தல் முறையை விரித்துரைக்கின்றன. குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினர் தெரிவு செய்யப்பட்டனர். அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். அதற்கு அறுவர். ஏரியையும் அதன் கரையையும் பேணுவது ஊரின் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கருதப்பட்டமையால், அதற்கெனத் தனி வாரியமே அமைந்தது.

அக்கல்வெட்டுகளில் எண்ணத்தக்க விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் சென்றவர் மீண்டும் தெரிவு செய்யப்படும் தகுதியை இழந்தார். அவருடைய நெருங்கிய உறவினரும் இழந்தனர். உறவினரையும் விலக்கியது கடுமையென இன்று தோன்றலாம். அக்கால அவையின் சாதி, நிலவுடைமை வரையறைகளும் இன்றைய அறத்திற்கு ஒவ்வாதனவே. ஆயினும் அவ்விதியின் உட்பொருள் தெளிவானது. பொறுப்பு என்னும் சொல்லுக்கு ஏற்பது என்று மட்டும் பொருள் கொள்வது போதாது. ஏற்றதற்கு விடைகூறுவதும் அதன் பொருளே. ஏரிக்கரையை ஏற்றவன் ஆண்டிறுதியில் ஊரார் முன் நின்று, இது செய்தேன், இது செய்யவில்லை என்று கணக்கு ஒப்புவிக்க வேண்டும். அவ்வாறு நிற்க இயலாதவனுக்கு மறுமுறை பொறுப்பில்லை.

மண்வெட்டி ஊன்றிய மரபு

கடல்மட்டத்திற்குக் கீழே பெருநிலப்பரப்பைக் கொண்டது நெதர்லாந்து. அங்கே கரை காக்கும் மன்றங்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே தோன்றின. நீரால் இடர்ப்படுவோரே நீரைத் தடுக்கக் கடமைப்பட்டவர் என்பது அவற்றின் அடிப்படை. ஒவ்வொரு நிலத்துக்காரரும் தம் நிலத்திற்கேற்பக் கரையில் ஒரு பகுதியைப் பேணவேண்டும். வடகடல் ஓரத்து ஊர்களில் மண்வெட்டி வழக்கு என்றொரு மரபும் இருந்தது. தன் பங்குக் கரையைப் பேண இயலாதவன் அக்கரையில் தன் மண்வெட்டியை ஊன்றிவிட்டு, நிலத்தைத் துறந்து வெளியேற வேண்டும். ஊன்றிய மண்வெட்டியைப் பிடுங்கி எடுப்பவன் நிலத்தையும் அடைவான். அதனோடு கரையைக் காக்கும் கடனையும் அடைவான். உரிமையும் கடமையும் ஒரே மண்வெட்டியின் பிடியில் இருந்தன.

இவ்வழக்கில் ஒரு நேர்மை உண்டு. ஒரு கொடுமையும் உண்டு. இயலாமையை மறைக்காமல் ஊரறியச் சொல்லவைத்தது அதன் நேர்மை. இயலாதவனுக்கு உதவாமல் அவனை நாடோடியாக்கியது அதன் கொடுமை. அங்கே ஒரு வந்தி இருந்திருப்பாளாயின், அவளுக்காக மண் சுமக்க யாரும் வந்திருக்க மாட்டார்கள். அவள் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நடந்திருப்பாள்.

சிறு மன்றங்களை மட்டுமே நம்பியிருந்ததன் விளைவு 1953இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு சனவரி 31ஆம் நாள் இரவிலும் பிப்ரவரி முதல் நாள் விடியலிலும் வடகடல் பொங்கியது. நெதர்லாந்தில் 1,836 பேர் மாண்டனர். அக்காலத்தில் அந்நாட்டில் இத்தகைய மன்றங்கள் 2,500க்கும் மேல் இருந்தன. பல மிகச் சிறியவை, வருவாய் குன்றியவை, ஒரு சிற்றூரின் அளவுக்கு மேல் காணும் ஆற்றல் அற்றவை. நாட்டின் நீர்த்துறைப் பொறியியலாளரான யோகான் வான் வேன் என்பவர், கரைகள் போதிய உயரமுடையன அல்ல என்று அப்பேரிடருக்குப் பல ஆண்டுகள் முன்பே கணக்கிட்டு எச்சரித்திருந்தார். அவ்வெச்சரிக்கை அறிஞர் குழுக்களுக்குள் அடங்கிக் கிடந்தது. கரைக்குப் பின்னால் உறங்கிய குடிகளை எட்டவில்லை.

பேரிடருக்குப்பின் அந்நாடு ஊர்மன்றங்களை ஒழித்துவிடவில்லை. சிறியவற்றை இணைத்துப் பெரியவையாக்கியது. இன்று அவை 21. அவற்றுக்குத் தனித் தேர்தல் உண்டு. தனி வரி உண்டு. கடலோரப் பெருங்கட்டுமானங்களை நாட்டரசு ஏற்றது. உள்ளூரின் கண்ணும் நாட்டின் கையும் ஒன்றுபட வேண்டுமென்பதை அந்நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது.

பலர் அடித்த பாம்பு

பலர் அடித்த பாம்பு சாகாது என்பது பழமொழி. பலர் காத்த கரையும் அத்தகையதே என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரம் சான்றாகும். மிசிசிப்பி ஆற்றிற்கும் பொன்சட்ரேன் ஏரிக்கும் இடையே அமைந்த அந்நகரின் பெரும்பகுதி தாழ்நிலம். 1927ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது நகரின் செல்வர் சிலர் ஒரு முடிவுக்கு வந்தனர். ஏப்ரல் 29ஆம் நாள், நகருக்குக் கீழே கார்னார்வன் என்னும் இடத்தில் கரை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நகரைக் காக்கும் பொருட்டு அண்டைப் பகுதிகளின் வயல்களும் வீடுகளும் நீருக்கு இரையாக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் ஏழைகள். மீன்பிடிப்போரும் விலங்குத்தோல் தேடி வேட்டையாடுவோரும் ஆவர். இழப்பீடு வழங்குவதாக வாக்களிக்கப்பட்டது. கிடைத்ததோ மிகச் சிறிது; பலருக்கு எதுவுமே இல்லை. மேற்பகுதியில் கரைகள் தாமாகவே உடைந்தமையால், அவ்வெடிப்பே தேவையற்றதாய் இருந்தது எனப் பின்னர் வரலாற்றாசிரியர் எழுதினர்.

பலரைக் காக்கச் சிலரைப் பலியிடலாமா என்னும் வினா மெய்ப்பொருளியல் வகுப்புகளில் நெடுங்காலமாக ஆராயப்படுவது. கார்னார்வன் அதற்கு ஒரு குறிப்பைச் சேர்க்கின்றது. பலியிடப்படுவோர் யார் என்பதைத் தீர்மானிக்கும் கூடத்தில் பலியாவோர்க்கு இருக்கை இல்லையெனில், அத்தீர்மானம் கணக்கினால் சரியாயிருப்பினும் அறத்தினால் சரியாகாது.

அவ்வெள்ளத்திற்குப்பின் 1928இல் இயற்றப்பட்ட வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் மிசிசிப்பிக் கரைகளைக் கட்டும் பொறுப்பை அமெரிக்க நடுவணரசுக்கு வழங்கியது. கட்டிமுடித்த கரைகளைப் பேணும் பொறுப்பை உள்ளூர்க் கரைவாரியங்களிடம் விட்டது. வெள்ளத்தால் விளையும் சேதத்திற்கு நடுவணரசு வழக்கில் பொறுப்பாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. 1965இல் பெட்சி என்னும் புயல் அந்நகரைத் தாக்கியபின், ஏரியோரக் கரைகளுக்கும் ஒரு பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. அதிலும் இராணுவப் பொறியியலாளர் படை வடிவமைத்துக் கட்டுவது, ஊர்வாரியம் பேணுவது, நீரிறைக்கும் பணியை இன்னொரு மன்றம் செய்வது என்று கடமை பிரிந்து நின்றது. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் திட்டம் முடிவுபெறவில்லை.

2005 ஆகஸ்டு 29ஆம் நாள் கத்ரீனா புயல் வந்தது. நகரினூடே செல்லும் கால்வாய்களின் சுவர்கள் சரிந்தன. அவற்றுள் சில, நீர் மேலேறி வழிவதற்கு முன்பே, அடிமண் நிலைகொள்ளாமையால் சாய்ந்தன. நகரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுப் பகுதி நீரில் மூழ்கியது. அப்புயலில் மாண்டோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். வடிவமைப்பில் பிழை இருந்ததை 2006இல் பொறியியலாளர் படையே ஒப்புக்கொண்டது. ஊர்வாரியத்தின் கவனமும் கரையின்மீது மட்டும் நிலைத்திருக்கவில்லை. சிறு விமான நிலையம், படகுத்துறைகள் முதலியவற்றை நடத்தும் பணியும் அதனிடம் இருந்தது. உடைந்த கால்வாய்கள் தொடர்பாக மக்கள் தொடுத்த வழக்கை 2008இல் நடுவர் தள்ளுபடி செய்தார். பொறியியலாளர் படையைக் கடுமையாகக் குறைகூறிய அவர், 1928ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த காப்பினால் தம் கைகள் கட்டப்பட்டிருப்பதாகக் கருதினார்.

இங்கே அறத்தின் உள்முடிச்சு வெளிப்படுகின்றது. வடிவமைத்தவர், பேணுவது எம் பணியன்று எனலாம். பேணியவர், வடிவமைத்தது யாமல்லேம் எனலாம். நீரிறைப்போர், கரை எம்முடையதன்று எனலாம். ஒவ்வொரு விடையும் உண்மை. ஆயின் உண்மையான விடைகள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், வீடிழந்தவனுக்கு விடையே இல்லை. கடமையைத் துண்டுகளாக்கலாம், துண்டுகளுக்கு இடையேயுள்ள இடுக்கு யாருடையது என்பதைத்தான் யாரும் எழுதிவைப்பதில்லை. நீர் அந்த இடுக்கின் வழியே வருகின்றது.

2006 செப்டம்பரில் லூசியானா மாநில மக்கள் வாக்களித்து, அந்நகர் வட்டாரத்துப் பல சிறு வாரியங்களை இரு பெரு மன்றங்களாக இணைத்தனர். பொறியியலும் அதனைச் சார்ந்த துறைகளும் அறிந்தோர் அவற்றில் இடம்பெற வகைசெய்யப்பட்டது. நெதர்லாந்து கற்ற பாடத்தை நியூ ஆர்லியன்சும் அரை நூற்றாண்டுக்குப் பின், அதே விலை கொடுத்துக் கற்றது.

மலேசிய மண்ணில்

மலேசியாவிற்கு இவ்வினா அயலானதன்று. கேரித் தீவு முதலிய சிலாங்கூர்க் கரையோரத் தோட்டங்களும் கீழ்ப் பேராக்கின் தென்னந்தோட்டங்களும் கடல்நீரைத் தடுக்கும் மண்கரைகளுக்குப் பின்னால் எழுந்தவை. அத்தோட்டங்களில் கான்வெட்டியும் வடிகால் தூர்வாரியும் வாழ்ந்த தலைமுறையினருள் தமிழர் பெருந்தொகையினர். கரையின் அருமை அவர்களுக்கு ஏட்டறிவன்று; கைகளில் காய்த்த அறிவு.

வடிகால் நீர்ப்பாசன இலாகா 1932இல் தோற்றுவிக்கப்பட்டது. 1971 சனவரியில் கோலாலம்பூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தபின், வெள்ளத் தணிப்புப் பணியும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் ஒன்று தலைநகரின் அடியில் திறக்கப்பட்டது. வெள்ளநீரையும் வண்டிகளையும் சுமக்கும் அதன் பொறியியல் வியக்கத்தக்கது. எனினும் கடமைகளின் பங்கீட்டை நோக்கினால், வையைக் கரையின் அளவைக் கயிறு இங்கும் நீண்டு கிடப்பதைக் காணலாம். கூட்டரசு அரசமைப்பின்படி ஆறுகளும் நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் அதிகாரத்திற்குட்பட்டவை. வடிகாலும் நீர்ப்பாசனமும் இரண்டுக்கும் பொதுவானவை. பெருந்திட்டங்களுக்கான பணமோ பெரிதும் கூட்டரசிடம் உள்ளது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் ஊர் வடிகால்களைப் பேணும் பொறுப்பையும், கட்டடத் திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தையும் ஊராட்சி மன்றங்களிடம் வைக்கின்றது. அம்மன்றங்களுக்கான தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்திற்குப்பின் உறுப்பினர்கள் மாநில அரசுகளால் நியமிக்கப்படுகின்றனர். ஆக, தெருவடிகாலை ஒருவர் பேணுகின்றார்; அது சென்று கலக்கும் ஆற்றை இன்னொருவர் ஆள்கின்றார்; அவ்வாற்றின் கரையை உயர்த்தும் பணத்தை மூன்றாமவர் வைத்திருக்கின்றார்.

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடைவிடாது மழை கொட்டியது. ஷா ஆலமின் தாழ்ந்த பகுதியான தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் வீடுகளின் மேல்மாடி வரை மக்களைத் துரத்தியது. அண்டை ஊர்களிலிருந்து படகுகளுடன் வந்த பொதுமக்கள் பலரை மீட்டனர். நாடெங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பொருளிழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவர இலாகா மதிப்பிட்டது. அந்நாள்களில் யார் பொறுப்பு என்னும் வினா எங்கும் ஒலித்தது. வெள்ளம் வடிந்தபின் வினாவும் வடிந்தது. அடுத்த மழைக்காலம் வரை அது ஓய்வெடுக்கும் என்பதே பட்டறிவு.

மூன்று சமாதானங்கள்

இத்தகைய வேளைகளில் மூன்று சமாதானங்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, வெள்ளம் இயற்கையின் செயல். மனிதர் என் செய்வர் என்பது. மழை இயற்கையின் செயலே. தாழ்நிலத்தில் வீடு கட்ட ஒப்புதல் தந்தது இயற்கையன்று. மதகின் கதவுக்கு எண்ணெய் இடாதது இயற்கையன்று. மேட்டுநிலக் காட்டை அழித்து, மழைநீரைத் தாங்கும் மண்ணைச் சிமெந்தால் மூடியதும் இயற்கையன்று. வெள்ளத்தை இயற்கை தந்தாலும் இழப்பைப் பெரிதும் மனிதரே ஆக்கிக்கொள்கின்றனர் என்பதை அமெரிக்கப் புவியியலறிஞர் கில்பர்ட் ஒயிட் 1940களிலேயே ஆய்ந்து காட்டினார். கரையைப் பற்றிய ஒரு கசப்பான உண்மையும் அவர்வழி வந்தோர் ஆய்வுகளில் விளக்கம் பெற்றது. கரை எழுந்தவுடன் அச்சம் நீங்குகின்றது. அச்சம் நீங்கியவுடன் வீடுகள் பெருகுகின்றன. வீடுகள் பெருகியபின் கரை உடைந்தால், முன்பு பத்துப் பேர் இழந்த இடத்தில் பதினாயிரவர் இழக்கின்றனர். ஆகவே கரை எழுப்புவோர் அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். இவ்வளவு நீருக்கு மேல் இக்கரை தாங்காது என்று சொல்லாமல் வீடு விற்க விடுவது, ஓட்டைப் படகுக்குப் பயணச்சீட்டு விற்பதை ஒக்கும்.

இரண்டாவது சமாதானம், ஊராட்சியிடம் பணமும் அதிகாரமும் இல்லை என்பது. இதில் உண்மை உண்டு. வந்தியின் நிலை அதுவே. இயலாதவர்மீது இயலாத பங்கைச் சுமத்திவிட்டுப் பிரம்பை ஓங்குவது நீதியன்று. ஆற்றலுக்கேற்பவே கடமை அமைய வேண்டும். எனினும் ஆற்றல் குறைந்தால் எல்லாக் கடனும் நீங்கிவிடுமா? கரையை உயர்த்தப் பணமில்லாத மன்றத்திற்கும், கரை தாழ்ந்திருக்கின்றது என்று அறிவிக்க வாயுண்டு. அடைக்க இயலாதவன் அழைக்கக் கடமைப்பட்டவன். மண்வெட்டியை ஊன்றிய நெதர்லாந்துக் குடியானவன் தன் இயலாமையை மறைக்கவில்லை. கரையின்மேல் எல்லாரும் காண நட்டான். ஊராட்சிகளின் குற்றம் பலவேளைகளில் கையாலாகாமையன்று. கையாலாகாமையைக் கோப்பினுள் மறைத்து வைப்பதே. வான் வேன் கணக்கிட்ட உண்மை குடிகளின் காதுக்கு எட்டியிருந்தால், அவர்கள் கரையை உயர்த்தியிருப்பர் என்று உறுதியாகக் கூற இயலாது. அவ்விரவு விழித்தாவது இருந்திருக்கலாம்.

மூன்றாவது சமாதானம் மக்களை நோக்கியது. குடிகளே குப்பையைக் கொட்டிக் கால்வாயை அடைக்கின்றனர். பின் மன்றத்தைத் தூற்றுகின்றனர் என்பது. இதுவும் பாதி உண்மை. வடிகாலில் எறியப்படும் ஒரு நெகிழிப்பை, கரையில் எலி தோண்டும் ஒரு வளைக்கு நிகர். மழை பெய்யாத மாதங்களில் வடிகாலைப் பற்றி வாய்திறவாதவர், வெள்ளத்தன்று மட்டும் உரிமை பேசுவது நிறைவான குடிமையாகாது. ஆயினும் குடிகளின் பிழை ஆட்சியின் பிழையைக் கழுவிவிடாது. இரு கடனாளிகள் ஒருவரையொருவர் சுட்டிக் காட்டுவதால் கடன் தீர்ந்துவிடுவதில்லை.

இடுக்கைக் காப்பவர்

அவ்வாறாயின் கரை காப்பது யார் கடன்? எல்லாருடைய கடனுமே என்று கூறிவிடுவது எளிது. அவ்விடை இனிமையானது, ஆபத்தானதும்கூட. எல்லாருடையது என்பது எவருடையதும் அன்று என்றாகிவிடுவதை நியூ ஆர்லியன்சு காட்டிவிட்டது. ஊராட்சியுடையது மட்டுமே என்பதும் பொருந்தாது. 1953ஆம் ஆண்டு அதனைப் பொய்யாக்கியது. நடுவணரசுடையது மட்டுமே என்பதும் ஒவ்வாது. தொலைவில் இருப்பவர் நாள்தோறும் கரைமேல் நடப்பதில்லை. கசிவைக் காணும் கண் அங்கேயே வாழ்பவரின் கண்ணே.

ஆதலின் கடனைத் தரம்பிரித்துக் காண்பதே தக்கது. காணும் கடன் உள்ளூருடையது. அது எவ்வளவு ஏழை மன்றமாயினும் கைவிடத்தகாதது. கண்டதைச் சொல்லும் கடனும் அதனுடையதே. மேலதிகாரிக்கு மட்டுமன்றிக் கரைக்குப் பின்னால் உறங்கும் குடிக்கும் சொல்லவேண்டும். அடைக்கும் கடன் ஆற்றலுடையவர் அனைவருடையது. தன் பங்கு முடிந்தவன் அடைபடாத பங்கைக் கண்டும் வீடு திரும்புவானாயின், அவன் தன் பங்கையும் முடிக்காதவனே. கணக்குக் கேட்கும் கடன் குடிகளுடையது. வெள்ளத்தன்றன்று, வெயிற்காலத்தில் கேட்கவேண்டும். உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு குடிகளிடம் இல்லாத இடத்திலும், கேட்கும் வாய் அவர்களிடமே உள்ளது. இவை நான்கிற்கும் இடையேயுள்ள இடுக்கை யார் காப்பது என்பதைச் சட்டத்தில் பெயர்சொல்லி எழுதிவைக்கும் கடன் நாட்டை ஆள்வோருடையது.

வெள்ளம் தலைக்குமேல் போனபின் சாணென்ன, முழமென்ன என்பர். உண்மைதான். ஆயின் வெள்ளம் வருமுன், ஒரு சாண் கரை ஓர் ஊரின் உயிராகும். அந்த ஒரு சாண் யாருடையது என்னும் வினாவை மழையில்லா நாளில் எழுப்புவோர் சலிப்பூட்டுபவராகத் தோன்றலாம். அவர்களே ஊரின் உண்மையான காவலர்.

மதுரையில் விழுந்த பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்ததை அற்புதமென்று புராணம் பாடிற்று. கரையோரத்து ஊர்களில் அது அற்புதமன்று, ஆண்டுதோறும் நிகழ்வது. ஒருவர் பங்கில் ஏற்படும் உடைப்பு, மன்னன் முதல் பிட்டு விற்பவள் வரை, அனைவர் வீட்டு வாயிலிலும் நீராய் வந்து நிற்கின்றது. வேறுபாடு ஒன்றே. அன்று ஒரு கூடை மண்ணைக் கொட்டிக் கரையை அடைத்து மறைந்தவன் இறைவன். அவன் வருவானென்று காத்திராமல், அந்தக் கூடையை எடுக்கவேண்டியவர் மனிதரே.